சோத்துக்கைப் பக்கம்

வாசிக்க: எண்ணாகமம் 22:21-35, அப்போஸ்தலர் 27:9-26



இந்தப் பாடத்தை எழுத உட்காருமுன் என் மனைவியிடம் அனுமதி கேட்டேன். சபையார் எல்லாரும் வாசிப்பார்களே, எழுதலாமா என்றேன். "எழுதுங்க. ஆனா நடந்ததை நடந்தபடி எழுதுங்க, சுத்தி வளைக்காதீங்க" என்றாள். ஆகையால் நடந்தபடியே எழுதுகிறேன்.

உங்களில் அநேகருக்கு என் பழைய தொழில் தெரியும். பதினாலு வருஷம் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டினவன். இப்போதும் பகலில் ஒரு யார்டில் வண்டி அனுப்புகிற வேலைதான். சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் சபை வேலை. துறைமுகம் ஜீரோ கேட்டில் தொடங்கி காசிமேடு, சுங்கச்சாவடி, திருவொற்றியூர், எண்ணூர் வரைக்கும் எந்த இடத்தில் பள்ளம், எந்த இடத்தில் மாடு படுத்திருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். நாற்பது அடி வண்டியை ஒரே முயற்சியில் ரிவர்ஸ் எடுத்து நிறுத்துவேன். இதைப் பற்றி எனக்குள்ளே ஒரு பெருமை உண்டு. பிரசங்க மேடையில் அதைக் காட்டமாட்டேன், ஆனால் உண்டு.

என் மைத்துனர் ஓமான் தேசத்தில், மஸ்கட் பட்டணத்தில் ரூவி என்ற பகுதியில் குடியிருக்கிறார். 2024 செப்டம்பர் கடைசியில், பிள்ளைகளின் காலாண்டுப் பரீட்சை லீவுக்கு எங்களை வரச்சொல்லி டிக்கெட் எடுத்து அனுப்பினார். நான், மனைவி, மகன், மகள், மாமியார் என்று ஐந்து பேர் போனோம். மாமியாருக்கு ஒரே ஆசை. சலாலா என்ற ஊரில் யோபு பக்தனின் கல்லறை இருக்கிறதாமே, கண் தெரிகிறபோதே அதைப் பார்த்துவிட வேண்டும்.

மஸ்கட்டிலிருந்து சலாலா ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர், பெரும்பாலும் வனாந்தரம். விமானம் உண்டு. ஆனால் அவர் வீட்டார் நாலு பேரையும் சேர்த்து ஒன்பது பேர், கட்டுப்படியாகாது. "ரெண்டு காரா போயிடலாம். இன்னொண்ணு வாடகைக்கு எடுக்கறேன், நீங்க ஓட்டுங்க மாமா. டிரெய்லரே ஓட்டினவரு, இது காருதானே" என்றார் மைத்துனர். அந்த ஒரு வார்த்தையிலேயே விழுந்துவிட்டேன்.

நம்முடைய லைசென்ஸ் மாத்திரம் போதாது என்பதால் இங்கேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கியிருந்தேன். 1949-ஆம் வருஷத்து ஜெனீவா உடன்படிக்கையின்படி கொடுக்கிற சின்ன புத்தகம் அது. ஒரு வருஷம் செல்லும், அசல் லைசென்ஸும் கூடவே இருக்கவேண்டும். நான் வண்டி ஓட்டத் தெரிந்தவன் என்று அந்தப் புத்தகம் பல பாஷைகளில் சாட்சி சொல்லுகிறது. எந்தப் பக்கம் ஓட்டத் தெரிந்தவன் என்று ஒரு பாஷையிலும் சொல்லவில்லை.

ஓமானில் வலது பக்கம் ஓட்டவேண்டும், ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும். வளைகுடா நாடுகள் எல்லாமே அப்படித்தான். வெள்ளைக்காரன் ஆண்ட இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகியவை இடது பக்கத்திலேயே நின்றுவிட்டன. உலக ஜனங்களில் மூன்றில் ஒரு பங்குதான் இப்போது இடது பக்கம் ஓட்டுகிறார்கள். பக்கத்தை மாற்றிய தேசங்களும் உண்டு. சுவீடன் தேசத்தில் 1967 செப்டம்பர் 3, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலம் 5 மணிக்கு, தேசம் முழுவதும் ஒரே நேரத்தில் இடதிலிருந்து வலதுக்கு மாறினார்கள். பர்மாவில் 1970-இல் மாறினார்கள், ஆனால் ஸ்டியரிங் வலது பக்கம் உள்ள பழைய வண்டிகளே ரொம்ப காலம் ஓடின. வியாசர்பாடிப் பக்கம் பர்மாவிலிருந்து வந்த குடும்பத்துப் பெரியவர்கள் இருந்தால் கேட்டுப்பாருங்கள்.

முதல் இரண்டு நாள் ரூவிக்குள்ளே பழகினேன். இண்டிகேட்டர் போடப் போய் வைப்பர் போட்டேன். ஒரு சொட்டு மழை இல்லாத ஊரில் என் வண்டியில் மாத்திரம் வைப்பர் ஆடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். பிரசங்கி 10:2-ஐ எடுத்து, ஞானிக்கு இருதயம் எந்தப் பக்கம், மூடனுக்கு எந்தப் பக்கம் என்று மைத்துனர் கேலி செய்தார். (அந்த வசனத்துக்கும் சாலை விதிக்கும் சம்பந்தமில்லை என்று வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ வாங்கினவனாய்ச் சொல்லிக்கொள்ளுகிறேன்.) யோனா 4:11-இல் வலது கை, இடது கை வித்தியாசம் தெரியாத லட்சத்திருபதினாயிரம் பேர் என்று வாசிக்கிறோமே, அந்தக் கணக்கில் ஒருவனைக் கூட்டிக்கொள்ளலாம்.

மனைவி எனக்கு உதவி செய்யப் பார்த்தாள். "ரைட்ல போங்க" என்று அவள் சொன்னால் எனக்குக் குழப்பம். லாரிக்காரன் காதில் "ரைட்" என்றால் வலது அல்ல. கிளீனர் பையன் பின்னாலிருந்து "ரைட், ரைட்" என்றால் வண்டியை எடு, போகலாம் என்று அர்த்தம். இத்தனை வருஷம் அதைக் கேட்டுக் கேட்டு, அந்தச் சத்தம் கேட்டால் கால் தானாக ஆக்ஸிலேட்டரை மிதிக்கும். கையில் ஒரு மோதிரமாவது போட்டிருந்தால் மோதிரக் கைப்பக்கம் என்று அடையாளம் சொல்லலாம். நம்முடைய சபையில் அதுவும் கிடையாது. கடைசியில் என் மாமியார்தான், "சோத்துக்கைப் பக்கம்னு சொல்லும்மா, சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும்" என்றார். மகள் ஒரு காகிதத்தில் வலது பக்கம் பார்த்த அம்பு வரைந்து ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒட்டினாள்.

திங்கட்கிழமை காலை 4 மணிக்கு ஜெபம் பண்ணிப் புறப்பட்டோம். மைத்துனர் முன்னால், நான் பின்னால். நிஸ்வா தாண்டி, ஆதம் என்ற ஊர் தாண்டினால் அப்புறம் ஊர் என்று சொல்ல அதிகம் இல்லை. கல்லும் மணலும் வானமும்தான். ஒட்டகத்துக்கு மாத்திரம் பயப்படவேண்டும், எப்போது குறுக்கே வரும் என்று தெரியாது.

எனக்கு ஒரு கோளாறு இருந்தது. நம்ம ஊர்க் காரில் நாம் உட்காருகிற இடம் வண்டியின் வலது பாதி. அந்த ஞாபகத்தில் உடம்பை வைத்து அளவு பார்த்தால் அங்கே கார் முழுவதும் வலது ஓரத்துக்குத் தள்ளிப்போகும். மனைவி உட்கார்ந்திருந்தது அந்த ஓரத்தில். சக்கரம் கோட்டின் மேல் ஏறித் தடதடக்கும் ஒவ்வொரு தரமும், "ஏங்க, ஓரம்" என்றாள். பத்து தரம் சொல்லியிருப்பாள். பதினோராவது தரம் எனக்குக் கோபம் வந்தது.

"இதோ பாரு, இனிமே வாயைத் திறக்காத. பதினாலு வருஷம் ஓட்டினவன் நான். பயமா இருந்தா கண்ணை மூடிட்டு ஜெபம் பண்ணு."

பிள்ளைகளுக்கு முன்பாக, அவளைப் பெற்ற தாய்க்கு முன்பாகச் சொன்னேன். ஜெபம் பண்ணு என்று சொன்னதில் ஒரு போதகரின் அதிகாரமும் இருந்தது. ஜெபத்தை நான் அவள் வாயில் அடைக்கிற துணியாக உபயோகித்தேன். அவள் அதற்குமேல் பேசவில்லை.

ஹைமா என்ற இடம் வழியில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. கரக் டீ குடித்தோம், வண்டிக்குப் பெட்ரோல் போட்டோம். அதுவரை பெரும்பாலும் போவதற்கு ஒரு சாலை, வருவதற்கு ஒரு சாலை என்று நடுவில் பிரிந்திருந்தது. முன்னால் போகிறவரைப் பார்த்தே ஓட்டினதால் வலது என்றும் இடது என்றும் நான் யோசிக்கவே தேவைப்படவில்லை. ஹைமாவுக்கு அப்பால் நாங்கள் போனபோது ஒரே சாலையில் இரண்டு பக்கத்து வண்டிகளும் எதிரும் புதிருமாக வருகிற பகுதிகள் இருந்தன. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பெட்ரோல் பங்கில் மறுபடியும் நிறுத்தினோம். மைத்துனரின் சின்ன மகனுக்கு வாந்தி. "நீங்க மெதுவா முன்னால போங்க மாமா, நான் பிடிச்சுக்கறேன்" என்றார்.

பங்கிலிருந்து வலது பக்கம் திரும்பவேண்டும். டிரைவர் சகோதரர்கள் இந்த இடத்தைக் கவனியுங்கள். நம்ம ஊரில் வலது பக்கம் திரும்புவது பெரிய திருப்பம், சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்ச் சேரவேண்டும். அங்கே வலது திருப்பம்தான் சின்னது, ஓரத்தோடு ஓரமாகத் திரும்பினால் முடிந்தது. இதை ரூவியில் நூறு தரம் சரியாகச் செய்தவன் நான். ஏனென்றால் ரூவியில் சுற்றிலும் வண்டிகள் இருந்தன, பயம் இருந்தது. இங்கே சாலை காலி. பட்டப்பகல், டீ குடித்த தெம்பு, என்னை வழிநடத்த முன்னால் ஒரு கார் இல்லை. என் கை எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் திரும்புகிறதுபோலத் தாராளமாகத் திரும்பி, அந்தப் பக்கத்து ஓரத்தில் போய்ச் சேர்ந்தது. எதிரே வருகிற வண்டிக்குரிய பக்கத்தில் எழுபது கிலோமீட்டர் வேகத்தில் போகிறேன். மனதுக்குள் நிம்மதி. இப்போதுதான் வண்டி கைக்கு வந்தது என்றுகூட நினைத்தேன்.

கானல் நீருக்குள்ளிருந்து ஒரு டிரெய்லர் வந்தது.

எனக்கு டிரெய்லர் தெரியும். லோடோடு நாற்பது டன் இருக்கும், நினைத்த இடத்தில் நிற்காது. என் எழுபதும் அதன் தொண்ணூறும் சேர்ந்தால் அரை கிலோமீட்டர் தூரம் பதினோரு விநாடியில் தீர்ந்துவிடும். ஆனால் அப்போதும் என் புத்திக்கு எட்டியது, "இவன் என்ன ராங் சைடுல வர்றான்" என்பதுதான்! நம்ம பக்கத்தில் மணலி சாலையில் எதிர்த்திசையில் வருகிற வண்டிகளைத் தினமும் பார்த்துப் பழகிவிட்டோம். நெரிசலில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் உருளுவதால் பிழைக்கிறோம். ஒதுங்கி வழிவிடுவோம் என்று என் கை இடது பக்கம் ஒடிக்கப் போயிற்று. அந்த டிரெய்லர் ஓட்டுகிறவர் தப்ப நினைத்தால் தன்னுடைய வலது பக்கம் ஒதுங்குவார். அவருடைய வலதும் என்னுடைய இடதும் ஒரே மண்.

"ஏங்க! சோத்துக்கை! சோத்துக்கைப் பக்கம்!"

அவள் "ரைட்" என்று கத்தியிருந்தால் நான் ஆக்ஸிலேட்டரை மிதித்திருப்பேன். சோத்துக்கை என்றதும் கை கேட்டது. வண்டி வலது பக்கம் பாய்ந்து ஓரத்து மண்ணில் இறங்கி நின்றது. டிரெய்லர் ஹாரன் அடித்துக்கொண்டே கடந்துபோன காற்றில் கார் ஆடிற்று. மாமியார் "இயேசுவே" என்றவர் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. மகள் அழுதாள். எனக்குத் தொடை நடுங்கி கிளட்சைத் தேடினேன், அந்தக் காரில் கிளட்சே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து மனைவியிடம், "எப்போ கவனிச்ச?" என்றேன்.

"திரும்பும்போதே தெரிஞ்சுது. நீங்கதான் பேசாதன்னீங்க."

சில விநாடி அவள் பேசாமலிருந்தாள் என்று முதலில் எழுதியிருந்தேன். வாசித்துப் பார்த்துவிட்டு, "சில விநாடி இல்ல, அரை நிமிஷம் இருக்கும், மாத்துங்க" என்றாள். மாற்றிவிட்டேன். அரை நிமிஷம் என் மனைவி, தன் பிள்ளைகளும் தாயும் சாவுக்கு நேராகப் போகிறதைப் பார்த்துக்கொண்டு, புருஷன் சொன்ன வார்த்தைக்காக வாயை மூடிக்கொண்டு இருந்தாள்.

இப்போது எண்ணாகமம் 22-ஐத் திறந்து பாருங்கள். பிலேயாம் தன் கழுதையை மூன்று தரம் அடிக்கிறான். முதல் தரம் அது வயலுக்குள் விலகினது. இரண்டாம் தரம் அவன் காலைச் சுவரோடு நெருக்கினது. மூன்றாம் தரம் விலக இடமில்லாமல் படுத்துக்கொண்டது. ஒவ்வொரு தரமும் அதற்குக் காரணம் இருந்தது, ஒவ்வொரு தரமும் அவன் அதைப் பிடிவாதமாக எடுத்துக்கொண்டான். 33-ஆம் வசனத்தில் தூதன் கணக்குச் சொல்லுகிறார்: அது விலகியிராவிட்டால் செத்திருப்பவன் பிலேயாம்தான், அதை உயிரோடே வைத்திருப்பார். சகோதரிகள் கோபப்படவேண்டாம், என் மனைவியைக் கழுதைக்கு ஒப்பிடவில்லை. பிலேயாமுக்கு என்னை ஒப்பிடுகிறேன். தூரத்திலுள்ள ராஜாக்கள் ஆள் அனுப்பிக் கூப்பிடுகிற தரிசனக்காரன், ஆனால் வழியில் நிற்கிறது அவன் கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

அப்போஸ்தலர் 27 துறைமுகத்துக்காரர்களாகிய நமக்குப் புரிகிற அதிகாரம். நல்ல துறைமுகம் என்ற இடத்தை விட்டுப் போகவேண்டாம் என்று பவுல் எச்சரித்தார். நூற்றுக்கு அதிபதி அவரைப் பார்க்கிலும் மாலுமியையும் கப்பல் எஜமானையும் நம்பினான். அதில் தப்பு என்ன, தொழில் தெரிந்தவனைத்தானே நம்பவேண்டும் என்று நானும் ரொம்ப நாள் நினைத்தேன். ஆனால் 13-ஆம் வசனத்தைக் கவனியுங்கள். அவர்கள் புறப்பட்டது புயலில் அல்ல, மெதுவான தென்றல் வீசினபோது. காலியான சாலை மாதிரி. ஆஸ்திரேலியாவில் மெல்போர்னுக்குத் தென்மேற்கே கடலோரமாகப் போகிற கிரேட் ஓஷன் ரோடு என்ற சாலையில், எந்தப் பக்கம் ஓட்டவேண்டும் என்று அம்புகளும் பலகைகளும் வைத்திருக்கிறார்கள். வெளிதேசத்தார் இறங்கி வேடிக்கை பார்த்துவிட்டு, சந்தோஷமாக மறுபடியும் வண்டி எடுக்கிற நேரத்தில்தான் பழைய பழக்கம் கையைப் பிடிக்கிறது.

1977 மார்ச் 27 அன்று ஸ்பெயின் தேசத்துக்குச் சொந்தமான டெனெரிஃப் தீவில், மூடுபனியில் இரண்டு பெரிய ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் மாண்டார்கள். மேலே எழும்ப ஓடத் தொடங்கின டச்சு விமானத்தில், முன்னால் இருக்கிற அமெரிக்க விமானம் பாதையை விட்டு விலகிவிட்டதா என்று பொறியாளர் கேட்டார். தலைமை விமானி மிகுந்த அநுபவம் உள்ளவர், மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவர். விலகிவிட்டது என்று அழுத்தமாகச் சொல்லிவிட்டார். பொறியாளர் அதற்குமேல் கேட்கவில்லை. அதன்பிறகு விமானக் கம்பெனிகள், சின்னவர் எப்படிச் சொல்லவேண்டும், பெரியவர் எப்படிக் கேட்கவேண்டும் என்பதையே ஒரு பாடமாக வைத்து விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார்கள்.

இதில் என்னைக் குத்துகிற காரியம் ஒன்று உண்டு. டிரெய்லர் ஓட்டின காலத்தில் கிளீனர் பையன் சொல்லுக்கு நான் மறுபேச்சுப் பேசினதில்லை. பதினெட்டு வயசுப் பையன், எழுத்து வாசனை தெரியாதவன், பின்னால் நின்று "ஹோல்டான்" என்று தட்டினால் பிரேக்கில் கால் போய்விடும். எனக்குத் தெரியாத பக்கத்தை அவன் பார்க்கிறான் என்று தெரியும், அதில் எனக்கு மானக்குறைவு இல்லை. அந்தக் காரில் எனக்குத் தெரியாத பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என் மனைவி.

அன்று அந்த மண்ணில் நின்றபடியே அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பிள்ளைகளும் மாமியாரும் கேட்க, பின்னால் வந்து சேர்ந்த மைத்துனரும் கேட்கத்தான். எல்லாருக்கும் முன்பாகச் சொன்ன வார்த்தைக்குத் தனியே மன்னிப்புக் கேட்பது சரியல்ல. பிறகு மைத்துனர் மறுபடியும் முன்னால் போனார். மனைவி கிளீனர் வேலையை எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு திருப்பத்திலும், ஒவ்வொரு பங்கை விட்டு வெளியே வரும்போதும் "சோத்துக்கை" என்பாள், நான் "சோத்துக்கை" என்று திருப்பிச் சொன்ன பிறகே வண்டி நகரும். ரவுண்டானா வந்தால் பின்னாலிருந்து மகனும் சேர்ந்துகொள்வான். அங்கே ரவுண்டானாவை நமக்கு எதிர்மாறாகச் சுற்றவேண்டும், இடது பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு வழி விடவேண்டும். வளைகுடாவில் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற சகோதரர்கள் யாராவது அங்கே கார் ஓட்ட நேர்ந்தால் இப்படி வாய்விட்டுச் சொல்லி ஓட்டுங்கள், வெட்கப்படாதீர்கள். நெரிசலில் பயப்படாதீர்கள், மற்ற வண்டிகளே உங்களை வழியில் வைக்கும். தனியாய் விடப்படுகிற இடத்தில் பயப்படுங்கள்.

சலாலா நெருங்கும்போது மலை பச்சையாயிருந்தது. ஜூன் 21 முதல் செப்டம்பர் 21 வரை அங்கே கரீஃப் என்கிற சாரல் காலம். நாங்கள் போனது அது முடிந்த கையோடு. சாலையோரத்தில் இளநீரும் வாழைப்பழமும் விற்கிறார்கள், நம்ம ஊர் மாதிரியே. வழியில் வாதி தவ்கா என்ற பள்ளத்தாக்கில் தூபவர்க்க மரங்களைப் பார்த்தோம். குட்டையான, முறுக்கின மரம். பட்டையைக் கீறிவிட்டால் பால் வடிந்து உறைகிறது. சாஸ்திரிகள் கொண்டுவந்தது இந்தப் பொருள்தான் என்று பிள்ளைகளுக்குக் காட்டினேன்.

கல்லறை மலைமேல் இருக்கிறது. நீளமான கல்லறை, மேலே துணி போர்த்தியிருக்கிறது. யோபுவின் கல்லறை என்று துருக்கியிலும் காட்டுகிறார்கள். அவர் ஊத்ஸ் தேசத்தான் என்று வேதம் சொல்லுகிறது, அடக்கம் பண்ணின இடத்தைச் சொல்லவில்லை. ஆகையால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாமியார் முக்காடு போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து வெளியே திண்ணையில் உட்கார்ந்தார். எதையோ யோசித்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"மாப்ளே, யோபு பெண்சாதியை எல்லா பிரசங்கத்துலயும் திட்டறீங்களே. செத்துப்போன பத்துப் பிள்ளைங்களும் அவ பெத்ததுதானே? அவகிட்ட யாராவது போய் உட்கார்ந்து ஏழு நாள் துக்கம் கேட்டாங்களா?"

பைத்தியக்காரி பேசுகிறதுபோலப் பேசுகிறாய் என்று யோபு அவளைக் கடிந்துகொண்ட பகுதியை வைத்து நான் குறைந்தது மூன்று பிரசங்கம் பண்ணியிருக்கிறேன். அவருக்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. இன்னும் இல்லை. 2-ஆம் அதிகாரத்தை அந்தப் பக்கத்திலிருந்து வாசிக்க இப்போதுதான் தொடங்கியிருக்கிறேன். கிடைத்தால் வேறொரு மாதம் எழுதுகிறேன்.

திரும்பி வருகிற ஆயிரம் கிலோமீட்டரும் மனைவி ஒரு நிமிஷம் கண் அசரவில்லை. விமானம் ஏறி, மீனம்பாக்கத்தில் இறங்கி, ராத்திரி 2 மணிக்கு டாக்ஸியில் வீடு வந்து சேர்ந்தோம். மறுநாள் யார்டுக்குப் போக சபை நண்பரின் பைக்கை எடுத்தேன். மனைவி பின்னால் ஏறினாள், அவளைத் தேரடியில் இறக்கிவிடவேண்டும். தெருமுனையில் எக்ஸ்பிரஸ் சாலை ஏறுகிற இடத்தில் என் கை என்னையறியாமல் வலது ஓரத்துக்கு இழுத்தது. எதிரே ஒரு மீன் வண்டி.

"ஏங்க," என்றாள் பின்னாலிருந்து, "பீச்சங்கை."

"பீச்சங்கை" என்று திருப்பிச் சொல்லிவிட்டுத் திருப்பினேன்.